ராபர்ட்சன் ஸ்மித்: அகரவரிசையில் சிக்கிய எபிரெயப் பேராசிரியர்

கேட்ட கேள்வி இது: "வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித் வேதப்புரட்டு வழக்கில் மாட்டிப் பதவி இழந்தவர் என்று மானிடவியல் வகுப்பில் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். அவர் போதகரா, எபிரெயப் பண்டிதரா, மானிடவியலாளரா? வழக்கு எதற்காக? அவர் எழுதியதில் எதைப் படிக்கலாம்?"

மூன்றும்தான். ஆனால் வரிசை முக்கியம். அவர் முதலில் போதகர், அடுத்து எபிரெயப் பண்டிதர், மானிடவியல் அதற்குப் பிறகு வந்தது. மானிடவியல் புத்தகங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுவதால், சபையோடு சண்டை போட்டு வெளியே வந்த பகுத்தறிவாளர் என்ற சித்திரம் மனதில் பதிந்துவிடுகிறது. உண்மை அதற்கு நேர் எதிர். அவரை விசாரித்தவர்களுக்கு எரிச்சல் மூட்டியதே, அவர் வேதத்தை நம்பாதவராக இல்லாமல் போனதுதான்.

ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் கீக் என்ற சிற்றூரில் 1846 நவம்பர் 8ஆம் தேதி பிறந்தார். மூன்று வருடம் முன்புதான் ஸ்காட்லாந்து சபை இரண்டாகப் பிளந்திருந்தது. சபைக்குப் போதகரை நியமிப்பதில் நிலக்கிழார்களும் அரசும் தலையிடக்கூடாது என்று சொல்லி, 1843இல் நானூற்றுக்கும் மேற்பட்ட போதகர்கள் வீடு, சம்பளம் எல்லாவற்றையும் விட்டு வெளியேறி 'ஃப்ரீ சர்ச்' என்ற சுயாதீன சபையைத் தொடங்கினார்கள். ஸ்மித்தின் அப்பா வில்லியம் பிரி ஸ்மித் அந்தச் சபையின் போதகர். அதற்கு முன் பள்ளிக்கூடம் நடத்தியவர். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே லத்தீன், கிரேக்கம், எபிரெயம், கணிதம் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஸ்மித் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலேயே 1861இல் தம்பி ஜார்ஜோடு அபர்டீன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அப்போது அவருக்கு 15 வயதுதான். தம்பி பட்டம் வாங்கிய கையோடு 1866இல் காசநோயில் இறந்துபோனான். அதே நோய் அண்ணனையும் விட்டுவைக்கவில்லை. சற்றுத் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

எடின்பரோ நியூ காலேஜில் இறையியல் படிக்கும்போதே, பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் பீட்டர் டெய்ட்டுக்கு உதவியாளராக ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். மின்சாரம் ஒரு தகட்டின் பரப்பில் எப்படிப் பாய்கிறது என்று கட்டுரை எழுதினார். நியூட்டனின் நுண்கணிதத்தைத் தத்துவமேதை ஹெகல் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று இன்னொரு கட்டுரை. அப்போது அவருக்கு 22 வயது. பையன் யாருக்கும் பயப்படுகிறவன் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

எபிரெயத்தில் அவருக்கு ஆசிரியர் ஏ. பி. டேவிட்சன். ஆழ்ந்த படிப்பு, அமைதியான சுபாவம். பழைய ஏற்பாட்டு நூல்கள் எப்போது, எப்படி உருவாயின என்ற கேள்விகளை வகுப்பில் மெல்லச் சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வார். டேவிட்சன் வகுப்பறைக்குள் சொன்னதை ஸ்மித் தெருவில் நின்று உரக்கச் சொன்னார் என்று சொன்னால் பெரிய தப்பில்லை. பான், கோட்டிங்கன் என்று ஜெர்மனிக்கும் போய்ப் படித்துவிட்டு வந்தார். 1870இல் அபர்டீனில் இருந்த ஃப்ரீ சர்ச் இறையியல் கல்லூரியில் எபிரெயப் பேராசிரியர் ஆனார். 24 வயது நிறைவதற்குள் நியமனம். அப்போதே போதகராகவும் அபிஷேகம் பெற்றார். தனக்கென்று ஒரு சபை வைத்து மேய்த்தவர் இல்லை என்றாலும், அடிக்கடி பிரசங்கம் செய்தவர்.

வம்பு ஒரு கலைக்களஞ்சியத்தில் இருந்து வந்தது. எடின்பரோவில் பிரிட்டானிக்காவின் ஒன்பதாம் பதிப்பு தயாராகிக்கொண்டிருந்தது. பழைய ஏற்பாட்டுத் தலைப்புகளை ஸ்மித்திடம் கொடுத்தார்கள். கலைக்களஞ்சியம் அகரவரிசையில் தொகுதி தொகுதியாக வெளிவரும் சரக்கு. ஆங்கில நெடுங்கணக்கில் 'பைபிள்' இரண்டாவது எழுத்திலேயே வந்துவிடுகிறது. எனவே 1875 டிசம்பரில் வெளியான மூன்றாம் தொகுதியிலேயே அவருடைய மிக அபாயமான கட்டுரை அச்சேறிவிட்டது. தலைப்பு 'இசட்'டில் தொடங்கியிருந்தால் ஸ்மித் நிம்மதியாக 13 வருடம் பாடம் நடத்தியிருப்பார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

கட்டுரை சொன்னது இன்றைய இறையியல் கல்லூரி மாணவருக்குப் புதிதாக இருக்காது. ஐந்தாகமங்கள், அதாவது வேதாகமத்தின் முதல் ஐந்து புத்தகங்கள், மோசே ஒருவர் உட்கார்ந்து எழுதியவை அல்ல, பல காலத்து எழுத்துகள் சேர்ந்து உருவானவை. அவற்றில் ஐந்தாவதான உபாகமத்தின் சட்டங்கள் இப்போதுள்ள வடிவில் மோசேயின் காலத்துக்கு மிகப் பிந்தியவை. சங்கீதங்களின் தலைப்பில் தாவீது என்று இருப்பதாலேயே அவை தாவீதுடையவை ஆகிவிடாது. தீர்க்கதரிசிகள் முதலில் தங்கள் காலத்து மக்களிடம் பேசியவர்கள். ஆனால் இதெல்லாம் ஃப்ரீ சர்ச் பேராசிரியர் ஒருவரின் கையொப்பத்தோடு, ஒவ்வொரு நல்ல வீட்டு அலமாரிக்கும் போகிற புத்தகத்தில் வந்தது. 1876 ஏப்ரலில் ஒரு எடின்பரோ நாளிதழில் பெயர் போடாத ஒரு கடுமையான மதிப்புரை வந்தது. தீ பற்றிக்கொண்டது.

சபை ஒரு குழுவை வைத்து ஆராய்ந்தது. வேதப்புரட்டு வழக்குப் போட முகாந்திரம் இல்லை, ஆனால் கட்டுரை ஆபத்தான போக்குள்ளது என்று குழு வழவழவென்று ஒரு முடிவு சொன்னது. வேறு யாராக இருந்தாலும் தப்பித்தோம் என்று ஒதுங்கியிருப்பார்கள். ஸ்மித், என் மேல் குற்றமிருந்தால் முறையாகக் குற்றப்பத்திரிகை கொடுங்கள், இல்லையென்றால் என்னை விடுங்கள் என்றார். 1877இல் பாடம் நடத்தக்கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். அடுத்த நான்கு வருடம் ஸ்காட்லாந்தில் வேறு பேச்சே இல்லை என்கிற அளவுக்கு அந்த வழக்கு நடந்தது.

குற்றச்சாட்டுகள் பல. அபர்டீன் பிரஸ்பிட்டரியில் (வட்டாரப் போதகர்களும் மூப்பர்களும் கூடும் சபை மன்றம்) ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் பாரமெல்லாம் உபாகமத்தின் தலையில் வந்து நின்றது. மோசே பேசுவதாக எழுதப்பட்ட புத்தகத்தைப் பிற்காலத்தவர் எழுதினார் என்றால், தேவ ஆவியால் ஏவப்பட்டவர் பொய்க் கையெழுத்துப் போட்டார் என்று ஆகாதா? எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி இதுதான். இதை அற்பம் என்று தள்ள முடியாது. ஸ்மித்தின் பதில்: மோசேயில் தொடங்கிய சட்டமரபு வளர்ந்துகொண்டே வந்தது. பிற்காலத் தீர்ப்பையும் அந்த மரபின் தலைவர் வாயில் வைத்துச் சொல்வது அந்தக் காலத்து எழுத்து வழக்கம், அன்றைய வாசகரை ஏமாற்றும் வேலை அல்ல.

வேதம் தேவ வார்த்தை என்று எதனால் ஏற்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வாய் என்ற இடத்தில் அவர் சீர்திருத்தச் சபையின் பிதாக்களையே சாட்சிக்கு இழுத்தார். தேவனுடைய மீட்கும் அன்பைப் பதிவு செய்திருப்பது இது ஒன்றுதான், இதில் கிறிஸ்துவில் தேவன் மனிதனை நெருங்கி வருவதைக் காண்கிறேன், பரிசுத்த ஆவியின் சாட்சி என் இருதயத்தில் அதை உறுதிப்படுத்துகிறது. அவர் பதிலின் சாரம் இது. எந்தப் புத்தகத்தை யார் எழுதினார் என்பதில் அந்த நம்பிக்கை தொங்கிக்கொண்டிருக்கவில்லை என்பது அவர் வாதம். சபையின் சொந்த விசுவாச அறிக்கையிலேயே ஆவியின் உள்சாட்சி பற்றி இருக்கிறது. குற்றம் சாட்டியவர்களின் ஆயுதத்தையே எடுத்துத் திருப்பினார்.

உபாகமத்தில் அப்படி என்ன சிக்கல் என்பதைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். உங்கள் வீட்டுத் தமிழ் வேதாகமமே போதும், எபிரெயம் வேண்டாம். யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தின் கடைசியில் மண்ணால் பலிபீடம் கட்டுவது பற்றி ஒரு சட்டம். கர்த்தர் தம் நாமத்தை விளங்கப்பண்ணும் எந்த இடத்திலும் பலியிடலாம் என்பது அதன் கருத்து. உபாகமம் 12க்குத் திருப்புங்கள்: கண்ட கண்ட இடத்தில் பலியிடக்கூடாது, கர்த்தர் தெரிந்துகொள்ளும் ஒரே இடத்தில்தான். லேவியராகமத்துக்கு வந்தால், ஒரே இடம் என்பது கேள்விக்கே இடமில்லாத ஏற்பாடாக இருக்கிறது.

இப்போது சரித்திரத்தைப் பாருங்கள். சாமுவேல் ஊர் ஊராகப் பலியிடுகிறார், யாரும் கண்டிக்கவில்லை. அவரே சிறுவனாக இருந்தபோது, தேவனுடைய பெட்டி இருந்த ஆலயத்திலேயே இரவில் படுத்துத் தூங்குகிறார். லேவியராகமத்தின்படி அந்தப் பெட்டியின் சந்நிதிக்குள் பிரதான ஆசாரியனே வருடத்தில் ஒருநாள்தான் போகலாம். எலியா கர்மேல் மலையில் இடிந்துகிடந்த கர்த்தருடைய பலிபீடத்தைச் செப்பனிடுகிறார். பிறகு ஓரேபில், உமது பலிபீடங்களை இடித்துப்போட்டார்களே என்று புலம்புகிறார். உபாகமச் சட்டம் அவர் கையில் இருந்திருந்தால் இடித்தவர்களை அல்லவா வாழ்த்தியிருக்க வேண்டும்? ஒரே ஆலயம் என்ற சட்டம் நாட்டில் கண்டிப்பாக அமலுக்கு வருவது யோசியா ராஜாவின் காலத்தில், கி.மு. 7ஆம் நூற்றாண்டின் கடைசியில். ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது ஆசாரியன் இல்க்கியா ஒரு நியாயப்பிரமாண புஸ்தகத்தைக் கண்டெடுக்கிறான், ராஜா வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, ஊர் ஊராகப் பலியிட்டுவந்த மேடைகளை இடிக்கிறார். அந்தப் புத்தகம் உபாகமம், அல்லது அதன் மையப்பகுதி.

அதற்கும் பிந்தி எசேக்கியேல் 44. மேடைகளில் பணிசெய்த லேவியர் (ஆலயப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட கோத்திரத்தார்) இனி ஆசாரியராக முடியாது, கீழ்வேலைதான் என்று அங்கே தண்டனையாக அறிவிக்கப்படுகிறது. உபாகமத்தில் லேவியர் எல்லாருமே ஆசாரியர்தான். லேவியராகமம், எண்ணாகமம் பகுதியிலோ ஆரோனின் புத்திரர் வேறு, மற்ற லேவியர் வேறு என்ற பிரிவு ஆதிமுதல் இருந்ததாகவே வருகிறது. எசேக்கியேல் புதிதாகப் போட்ட ஒரு பிரிவு, மோசே காலத்திலேயே சட்டமாக இருந்திருக்க முடியுமா? ஆக மூன்று அடுக்கு: பல பலிபீடங்கள், ஒரே ஆலயம், பிறகு பாபிலோன் சிறையிருப்பின் காலத்தை ஒட்டிய ஆசாரியச் சட்டம். ஜெர்மானிய அறிஞர் வெல்ஹவுசன் இதை விரிவாக நிறுவினார். ஆங்கிலம் படிக்கும் சாதாரண விசுவாசிக்குப் புரியும்படி சொன்னவர் ஸ்மித்.

வழக்குக்கு வருகிறேன். 1879இல் சபையின் உச்ச மன்றமான பொதுப் பேரவையில் குற்றப்பத்திரிகையைத் தொடர்வது என்ற தீர்மானம் ஒரே ஒரு ஓட்டில் நிறைவேறியது. 1880 மே மாதம் காற்று திரும்பியது. வழக்கைக் கைவிட்டு, பொறுப்பாக எழுதுங்கள் என்று புத்திமதி சொல்லி அனுப்பலாம் என்ற தீர்மானம் ஏழு ஓட்டில் வென்றது. ஸ்மித் பணிவாக ஏற்றுக்கொண்டார். கூட்டம் கைதட்டியது.

சில வாரங்கள்கூட ஆகவில்லை. கலைக்களஞ்சியத்தின் அடுத்த தொகுதி கடைக்கு வந்தது. இப்போது எழுத்து 'எச்'. 'எபிரெய மொழியும் இலக்கியமும்' என்ற கட்டுரை, கையொப்பம் ராபர்ட்சன் ஸ்மித். தீர்ப்புக்கு முன்பே எழுதிக்கொடுத்ததுதான். ஆனால் புத்திமதி கேட்டுத் தலையாட்டியபோது இப்படி ஒன்று அச்சில் இருக்கிறது என்று அவர் வாய் திறக்கவில்லை. அவருக்காக ஓட்டுப் போட்டவர்களுக்கே முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. ஸ்மித்தின் அன்பர்கள் இதை வெறும் காலப்பொருத்தம் என்று கடந்துபோவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கருத்தில் அவர் சரி. நடந்துகொண்ட விதத்தில் ஆணவம் இருந்தது. நியூ காலேஜ் முதல்வர் ராபர்ட் ரெய்னி, சபை உடையாமல் காப்பாற்றுவதே தன் வேலை என்று நினைத்த சாமர்த்தியசாலி. இனி இவரை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது என்று முடிவு கட்டினார். 1881 மே மாதம் பெரும்பான்மை ஓட்டில் ஸ்மித்தின் பேராசிரியர் பதவி பறிபோனது. போதகர் பட்டம் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். துருபதேசி, அதாவது தவறான உபதேசம் சொல்பவர், என்ற தீர்ப்பும் இல்லை. உன்மேல் நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான்.

அந்தத் தீர்ப்புக்குச் சில மாதங்கள் முன்பு, எடின்பரோவையும் கிளாஸ்கோவையும் சேர்ந்த சுமார் 600 சபைப் பிரமுகர்கள் ஒரு வேலை செய்தார்கள். இத்தனை வருடமாகச் சண்டை போடுகிறோமே, இந்த ஆராய்ச்சி என்னதான் சொல்கிறது என்று எங்களுக்கு விளக்குங்கள் என்று ஸ்மித்தை அழைத்தார்கள். பன்னிரண்டு சொற்பொழிவுகள். சராசரியாக 1,800 பேர் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். சுவரொட்டி நட்சத்திரத்துக்கு வரும் கூட்டம் இது. பேச்சோ கிரேக்க மொழிபெயர்ப்புக்கும் எபிரெய மூலத்துக்கும் உள்ள வேறுபாடு பற்றி! அந்தச் சொற்பொழிவுகள்தான் 1881இல் 'யூத சபையில் பழைய ஏற்பாடு' என்ற பொருளுடைய தலைப்பில் புத்தகமானது. அவர் எழுதியதிலேயே ஆகச் சிறந்தது இதுதான் என்பது என் கருத்து.

ஒரு சாம்பிள். தாவீது கோலியாத் கதையை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருப்போம். முதலாம் சாமுவேல் 16இல் தாவீது சவுலின் அரண்மனையில் சுரமண்டலம் வாசிக்கிறார், ராஜாவின் ஆயுததாரியாகவும் ஆகிறார். 17இன் முடிவில் அதே சவுல் படைத்தலைவன் அப்னேரைப் பார்த்து, இந்தப் பையன் யார் மகன் என்று கேட்கிறார். தினமும் தனக்கு இசை வாசித்தவனைத் தெரியாதா? ஸ்மித் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தைத் திறந்து காட்டுகிறார். அதன் முக்கியமான பழைய பிரதியில் 17ஆம் அதிகாரத்தின் நடுவே ஏறக்குறைய 20 வசனங்கள் இல்லை, சவுல் கேட்கும் கேள்வியும் இல்லை. இரண்டு கதைகள் ஒன்றாகப் பின்னப்பட்டிருக்கின்றன என்பது பிரதியிலேயே தெரிகிறது. சந்தேகக்காரன் நக்கலாகக் கேட்கும் கேள்வியை எடுத்துக்கொண்டு, பிரதிகளை வைத்துப் பொறுமையாக அவிழ்க்கும் இந்த முறை புத்தகம் முழுக்க இருக்கிறது. அடுத்த வருடம் வந்த 'இஸ்ரவேலின் தீர்க்கதரிசிகள்' ஆமோஸ், ஓசியா, ஏசாயா, மீகா ஆகியோரை அவரவர் காலத்து அரசியலுக்குள் நிறுத்திக் காட்டியது. ஓசியா பற்றிய அதிகாரத்தை ஒரு பிரசங்கியார் எழுதினார் என்பது வரிக்கு வரி தெரியும்.

பதவி போனபிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவரை மாட்டிவிட்ட கலைக்களஞ்சியமே அவரை இணையாசிரியராக எடுத்துக்கொண்டது, பிறகு முழுப் பொறுப்பும் அவர் கையில் வந்தது. வழக்கு நடந்த வருடங்களில் எகிப்துக்கும் அங்கிருந்து அரேபியாவின் மேற்குப் பகுதியான ஹிஜாஸுக்கும் போயிருந்தார். ஜித்தாவில் இருந்து தாயிஃப் வரை ஒட்டகத்தில் பயணம், அரபு உடை, அப்துல்லா எஃபெண்டி என்று பெயர். அந்த உடையில் எடுத்த புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. 1883இல் கேம்பிரிட்ஜில் அரபுமொழிப் பணி கிடைத்தது. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்த பாமர் சீனாய்ப் பாலைவனத்தில் கொல்லப்பட்டிருந்தார். 1886இல் பல்கலைக்கழக நூலகர், 1889இல் அரபுப் பேராசிரியர்.

அங்கே ஜேம்ஸ் ஃபிரேசர் என்ற கூச்ச சுபாவமுள்ள கிரேக்க லத்தீன் படிப்பாளியைப் பிடித்து, கலைக்களஞ்சியத்துக்கு 'டாபூ' (சமூக விலக்கு), 'டோட்டம்' (குலச்சின்னம்) பற்றி எழுதச் சொன்னார். அந்த இரண்டு கட்டுரைகளில் இருந்து கிளம்பியவர்தான் பிற்பாடு 'தி கோல்டன் பவ்' என்ற பெயர்பெற்ற மானிடவியல் நூலை எழுதினார். 1890இல் வந்த அதன் முதல் பதிப்பு ஸ்மித்துக்குக் காணிக்கை.

உங்கள் மானிடவியல் வகுப்பில் அவர் பெயர் வந்ததற்குக் காரணம் 1889இல் வெளிவந்த 'செமித்தியரின் மதம்'. பழங்கால மதத்தில் நம்பிக்கை பின்னால் வந்தது, சடங்கு முன்னால் வந்தது. ஏன் செய்கிறோம் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். என்ன செய்ய வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு கருத்து கிடையாது. பலி என்பது ஆரம்பத்தில் தெய்வத்துக்குக் கொடுக்கும் லஞ்சமோ கப்பமோ அல்ல, தெய்வமும் குலமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. பிரெஞ்சு சமூகவியலாளர் துர்கைம் இதில் இருந்து மதத்தின் சமூகவியலை எடுத்தார். உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்ட் 1913இல், ஆதிகாலப் பிள்ளைகள் சேர்ந்து தந்தையைக் கொன்றார்கள் என்ற தன் கதைக்கு இதையே அஸ்திவாரமாக்கினார்.

புகழ் பெரியது, ஆனால் புத்தகம் நிறையவே பழசாகிவிட்டது. ஒட்டகத்தைக் கட்டிவைத்து, சூரியன் உதிப்பதற்குள் பச்சையாகத் தின்று முடிக்கும் பாலைவன அரபியர் பற்றி நீலுஸ் என்பவர் பெயரில் இருக்கும் ஒரு பழைய கிரேக்கக் கதையை ஸ்மித் பெரிதும் நம்பினார். அது சரித்திரப் பதிவைவிடக் கற்பனைக் கதைக்கே நெருக்கமானது என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் கருத்து. எல்லா மதங்களும் ஒரே ஏணியில் ஏறுகின்றன என்ற அந்தக் காலத்து எண்ணமும் அவரிடம் இருந்தது. இன்னொன்று: மகிழ்ச்சியான பந்தி உயர்ந்தது, ஆசாரியரின் பரிகாரச் சடங்கு பிந்திய சரிவு என்று அவர் பார்த்த பார்வையில், ஃப்ரீ சர்ச் வீட்டுப் பிள்ளை எட்டிப் பார்க்கிறான். ஆசாரியர்மேல் அந்த வீட்டுக்கு எப்போதும் ஒரு ஒவ்வாமை.

அவருடைய நண்பர் வெல்ஹவுசன், போதகர்களைத் தயார்செய்யத் தனக்குத் தகுதியில்லை என்று மனசாட்சிக்குப் பயந்து 1882இல் இறையியல் பதவியைத் தானாகவே விட்டார். ஸ்மித்தைத் தூக்கிப் போட வேண்டியிருந்தது. அவராகப் போயிருக்கவே மாட்டார். இரண்டு பேரும் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஸ்மித்துக்கு அது சபைக்குள் சொல்ல வேண்டிய செய்தி.

காசநோய் முதுகெலும்பில் இறங்கி, 1894 மார்ச் 31 அன்று கேம்பிரிட்ஜில் இறந்தார். 47 வயது. திருமணம் செய்துகொள்ளவில்லை. உடலைக் கீக்குக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

1902இல் அதே மாதிரி ஒரு வழக்கு, ஜார்ஜ் ஆடம் ஸ்மித் என்ற இன்னொரு பழைய ஏற்பாட்டுப் பேராசிரியர் மீது கிளம்பியது. விசாரணை வேண்டாம் என்று பேரவையில் எழுந்து தீர்மானம் கொண்டுவந்தவர் அதே ராபர்ட் ரெய்னி.

படிக்க வேண்டும் என்றால் 'யூத சபையில் பழைய ஏற்பாடு' நூலின் 1892 இரண்டாம் பதிப்பை எடுங்கள். அவரே திருத்திப் பெரிதாக்கியது. பழைய நூல் என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். பக்கத்தில் ஒரு வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் குறிப்பிடும் வசனங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும். மெதுவாகத்தான் போகும். 'செமித்தியரின் மதம்' அதற்கு அப்புறம் போதும், அதுவும் பலி பற்றிய அதிகாரங்களை மட்டும்.